ஆறு குட்டிகளும் ஏழு மூச்சும்

பன்றி விடும் காற்றை அளக்க ஒருவர் வரப்போகிறார் என்று அப்பா சொன்னபோது, வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.

"எந்தக் காத்து?" என்று கேட்டார் அம்மா.

"எல்லாக் காத்தும்தான். மூச்சு, ஏப்பம், அப்புறம்... மத்தது" என்றார் அப்பா.

அந்த 'மத்தது' காதில் விழுந்ததும் மாமாவுக்குப் புரையேறிவிட்டது. குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வந்தது. வாயாடி விழுந்து விழுந்து சிரித்தாள்.

வாயாடிக்குப் பத்து வயது. அவளுக்கு அழகான பெயர் ஒன்று உண்டு. ஆனால் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் அதற்கு வேலை. வீட்டில் எல்லாருக்கும் அவள் வாயாடிதான். காலையில் கண்ணைத் திறப்பதற்கு முன்பே வாயைத் திறந்துவிடுவாள்.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் சின்னதாக ஒரு பன்றிப் பண்ணை வைத்திருந்தார்கள். மாமா, அம்மாவின் தம்பி. பண்ணைக்கு உதவியாக இருப்பதற்காக வந்தவர். அவர் வந்து வெகுநாள் ஆகிவிட்டது; உதவி எப்போது வரும் என்றுதான் அம்மா காத்துக்கொண்டிருந்தார்.

"நீ ஒழுங்கா வேலை செய்யலேன்னா, பெரியண்ணன் பேக்கரிக்கு அனுப்பிடுவேன் பாத்துக்கோ" என்று அம்மா அடிக்கடி மிரட்டுவார்.

பெரிய மாமாவின் பேக்கரியில் பொழுது விடிவதற்குள் மலைபோல மாவு பிசைந்து வைக்க வேண்டும். பேக்கரி என்ற பேச்சை எடுத்தாலே போதும், மாமா சுத்தியலைத் தூக்கிக்கொண்டு, "வேலியைச் சரி பண்ணப் போறேன்க்கா" என்று கிளம்பிவிடுவார். பண்ணைக்குப் பின்னால் ஒரு மரவேலி சாய்ந்து கிடந்தது. மாமா தினமும் சரிசெய்தார். அது தினமும் சாய்ந்தே இருந்தது.

அப்பா சொன்னபடியே ஒரு நாள் காலை வேன் ஒன்று வாசலில் வந்து நின்றது. பெரிய கண்ணாடி போட்ட ஓர் அக்கா இறங்கினார். காலில் ரப்பர் பூட்ஸ். பண்ணை வாசலில் கிருமிநாசினி ஊற்றி வைத்திருந்த தட்டில், யாரும் சொல்லாமலேயே பூட்ஸை நனைத்துக்கொண்டு உள்ளே வந்தார். அதைப் பார்த்ததுமே அப்பாவுக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது.

"ஆராய்ச்சி நிலையத்துலேருந்து வர்றேன்" என்றார் அவர். அந்த நிமிஷத்திலிருந்து வாயாடிக்கு அவர் ஆராய்ச்சி அக்கா.

ஆராய்ச்சி அக்கா வேலையில் இறங்கினார். பழைய தீவன அறையின் தரையில் கட்டம் போட்ட பிளாஸ்டிக் விரித்து, ஜன்னல்களைத் தாள் வைத்து மூடி, சந்துபொந்தையெல்லாம் டேப் ஒட்டி அடைத்தார். ஒரு குழாய் வழியாக நல்ல காற்று உள்ளே போனது. இன்னொரு பக்கம் ஒரு விசிறி உள்ளே இருந்த காற்றை வெளியே இழுத்தது. வெளியே வரும் காற்றில் எந்த வாயு எவ்வளவு இருக்கிறது என்று ஒரு பெட்டி அளந்து, கம்ப்யூட்டரில் கோடாக வரைந்துகொண்டே இருந்தது. பெட்டியும் கம்ப்யூட்டரும் சுவருக்கு வெளியே ஒரு மேசையில். அறையின் கதவு அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில்.

கடைசியாக அறையில் ஒரு ஏசியையும் மாட்டினார்.

"இது என்ன கூத்து?" என்றார் அம்மா. "வீட்டுல மனுஷங்களுக்கே வெறும் ஃபேன்தான். பன்னிக்கு ஏசியா?"

"ரூம் எப்பவும் ஒரே சூட்டுல இருக்கணும்க்கா. வெயில் ஏறினா குட்டிங்களுக்கு மூச்சு வாங்கும். கணக்கு மாறிடும்."

"ரொம்ப ஜில்லுன்னு இருக்குமா மேடம்?" என்று கேட்டார் மாமா.

"இதமா இருக்கும்."

"ஓ!" என்றார் மாமா. அந்த 'ஓ'வை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

"எதுக்குக்கா இதையெல்லாம் அளக்கணும்?" என்று ஆரம்பித்தாள் வாயாடி.

"பூமி சூடாகிட்டே போகுதில்ல? சில வாயுங்க பூமிக்குப் போர்வை போத்தின மாதிரி சூட்டை வெளிய விடாது. பன்னியோட சாணம், மூச்சு, எல்லாத்துலேருந்தும் அந்த மாதிரி வாயு வருது. எவ்வளவு வருதுன்னு தெரிஞ்சாத்தானே குறைக்க வழி பாக்கலாம்?"

"மனுஷங்களை அளக்க மாட்டீங்களா?"

"மனுஷங்க எங்க ஒரு எடத்துல அசையாம இருக்காங்க?" என்று சிரித்தார் ஆராய்ச்சி அக்கா.

அடுத்தது எடை பார்க்கும் வேலை. அறைக்குள் விடுவதற்கு ஆறு குட்டிகளைப் பொறுக்கி எடுத்தார்கள். அதில் ஒன்று மிளகு. உடம்பெல்லாம் வெளிர் நிறம், ஒரு காது மட்டும் கறுப்பு. வாயாடி பேச ஆரம்பித்தால் வீட்டில் எல்லாருக்கும் ஏதாவது வேலை வந்துவிடும். மிளகு மட்டும்தான் உட்கார்ந்து கேட்கும். மற்ற குட்டிகள் வளர்ந்ததும் விற்பனைக்குப் போகும் என்று வாயாடிக்குத் தெரியும். ஆனால் மிளகு பெண் குட்டி. அதைத் தாய்ப்பன்றியாகப் பண்ணையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா வாக்குக் கொடுத்திருந்தார்.

பன்றிக்குட்டி தராசில் நிற்குமா? ஒரு காலை வைத்தால் மற்ற மூன்று காலும் ஓட்டம் பிடிக்கும். அதற்கு அந்தப் பண்ணையில் ஒரு வழி வைத்திருந்தார்கள். முதலில் அப்பா தனியாகத் தராசில் ஏறி நிற்பார். பிறகு குட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவார். மொத்த எடையில் அப்பாவைக் கழித்துவிட்டால் மிச்சம் குட்டி. கழிப்பது வாயாடியின் வேலை.

"அப்பாவைக் கழிச்சா இருபது கிலோ!" என்று கத்தினாள்.

இரண்டு குட்டிகளுக்கு நடுவில் அம்மா அப்பாவின் கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்தார். வாயாடிக்கு வந்ததே கோபம்!

"அப்பா! கழிச்சு முடிக்கிற வரைக்கும் எதையும் சாப்பிடாதீங்க!"

அப்பா பாவம், வாய்வரை கொண்டுபோன பிஸ்கட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"பிஸ்கட் இப்பவும் உங்ககிட்டதான் இருக்கு!" என்றாள் வாயாடி. அப்பா அதை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்தார்.

குட்டிகள் உள்ளே போனதும் ஆராய்ச்சி அக்கா கண்டிப்பாக ஒன்று சொன்னார். கதவை இஷ்டத்துக்குத் திறக்கக் கூடாது. திறந்தால் காற்று கலந்துவிடும். மத்தியானம் ஒரு தடவை தண்ணீர் வைக்கலாம். சாயங்காலம் ஒரு தடவை தீவனம் வைத்து, சுத்தம் செய்யலாம். அவ்வளவுதான்.

"தண்ணி வைக்கிற வேலையை நான் பாத்துக்கறேன்" என்றார் மாமா.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். மாமா ஒரு வேலையைத் தானாகக் கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மத்தியானம் மாமா ஒரு கையில் வாளியும் ஒரு கையில் சுத்தியலுமாகப் பின்பக்கம் போவார். "தண்ணி வச்சுட்டு, அப்படியே வேலியைப் பாத்துட்டு வர்றேன்" என்பார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் வாயாடி ஆராய்ச்சி அக்காவின் மேசையே கதி என்று கிடந்தாள்.

"இங்க பாரு, கோடு சட்டுனு பள்ளமா விழுது. உங்க மாமா கதவைத் திறந்திருக்காரு" என்று காட்டுவார் ஆராய்ச்சி அக்கா.

ஆனால் நாள் ஆக ஆக அவர் முகத்தில் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது. ஒரு நாள் மத்தியானம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"என்னக்கா?"

"இது கரியமில வாயு. மூச்சுல வர்றது. காலைல ஆறு குட்டி மூச்சு விடுற அளவுக்குச் சரியா இருக்கு. மத்தியானம் ஆனா ஏறிடுது. ஏழு குட்டி இருக்கிற மாதிரி!"

"உள்ள ஆறுதானேக்கா இருக்கு?"

"அதான் புரியல. ஒரு குட்டிக்கு உடம்பு சரியில்லையோ என்னவோ. மத்தியானத்துல காய்ச்சல் வந்து வேகமா மூச்சு விடுதுன்னு நெனைக்கறேன்." அவர் சுவரில் காதை வைத்தார். "இந்தா, நீயே கேளு."

வாயாடியும் காதை வைத்தாள். உள்ளே யாரோ மரம் அறுப்பது போல ஒரு குறட்டை கேட்டது. கொர்ர்ர்ர்... உஸ்ஸ்ஸ்... கொர்ர்ர்ர்...

"அடேயப்பா!" என்றாள் வாயாடி.

அன்று சாயங்காலம் ஆராய்ச்சி அக்கா அறைக்குள் போய் ஒவ்வொரு குட்டியின் பக்கத்திலும் உட்கார்ந்து கேட்டார். மிளகுதான் தூங்கும்போது குறட்டை விட்டது. சின்னக் குறட்டைதான்.

"அது பொறந்ததுலேருந்தே அப்படித்தாம்மா. மூக்கு கொஞ்சம் அப்படி" என்றார் அப்பா.

"இல்லண்ணா, எதுக்கும் பாத்துடணும். நாளைக்குக் காலைல இதை ஆராய்ச்சி நிலையத்து டாக்டர்கிட்ட கொண்டுபோறேன். மத்த குட்டிங்களுக்கும் பரவிடக் கூடாதில்ல?"

அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

"டாக்டர் பாத்துட்டுத் திருப்பி அனுப்பிடுவாங்களா?" என்று கேட்டாள் வாயாடி.

"திருப்பி அனுப்ப மாட்டாங்கம்மா" என்றார் அப்பா மெதுவாக. "வெளிய போன பன்னி பண்ணைக்குத் திரும்பி வரக்கூடாது. வேற எங்கேருந்தாவது நோயைக் கொண்டுவந்துடும். அதுதான் விதி."

அன்று வாயாடி வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா இரண்டு தடவை அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

மறுநாள் காலை மிளகு போகவேண்டியது. வேன் டிரைவருக்கு வேறு வேலை வந்துவிட்டதால் பயணம் ஒரு நாள் தள்ளிப்போனது. கிடைத்தது ஒரு நாள். வாயாடி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரையின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

மத்தியானம் மாமா வாளியோடு போனார். கோடு பள்ளமாக விழுந்தது. பிறகு ஏறியது. மெல்ல மெல்ல ஏழு குட்டி உயரத்துக்கு வந்து நின்றது. சுவருக்குள்ளிருந்து மரம் அறுக்கும் சத்தம் கேட்டது.

வெயில் கொஞ்சம் இறங்கியதும், சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் பண்ணை முழுவதும் கேட்கும்படி வந்தது.

"டீ...!"

குறட்டை நின்றது. கோடு மறுபடியும் பள்ளமாக விழுந்தது. அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல ஆறு குட்டி உயரத்துக்கு இறங்கிவிட்டது.

வாயாடி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, இந்த ரெண்டாவது பள்ளம் என்ன?"

"பெட்டி தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கிற நேரமா இருக்கும்னு நெனச்சேன். ஏன்?"

"தினமும் இதே நேரத்துக்கா விழுது?"

ஆராய்ச்சி அக்கா பழைய நாள்களின் கோடுகளை எடுத்துக் காட்டினார். எல்லா நாளும் ஏறக்குறைய அதே நேரம். ஒரே ஒரு நாள் மட்டும் கோடு சீக்கிரமே இறங்கியிருந்தது. அது எந்த நாள் என்று வாயாடிக்கு உடனே ஞாபகம் வந்தது. தீவனக் கடைக்காரர் வீட்டுக்கு வந்திருந்த நாள். அன்று அம்மா சீக்கிரமே டீ போட்டார்.

அம்மா டீ என்று கூப்பிட்டால் கோடு இறங்குகிறது. பன்றிக்கு எதற்கு டீ?

அப்போது மாமா மூலை திரும்பி வந்தார். வழக்கம்போல டீக்கு முதல் ஆள். கையில் சுத்தியல். தலையில் ஒரு வைக்கோல் துரும்பு. இடது கன்னத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. அந்தக் கட்டங்களை வாயாடி எங்கோ பார்த்திருக்கிறாள். பன்றி அறையின் பிளாஸ்டிக் தரையில்!

அவள் நாக்கு துறுதுறுத்தது. வாயைத் திறந்தும்விட்டாள். எதிரில் அம்மா கையில் டீ தம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். இப்போது கத்தினால் மிளகு பிழைத்துவிடும். ஆனால் மாமா பேக்கரிக்குப் போய்விடுவார். அவள் சைக்கிள் பழகியபோது பின்னால் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக ஓடிவந்த ஒரே ஆள் மாமாதான். ஓடுவதென்றால் மாமாவுக்கு எவ்வளவு கசப்பு என்று ஊருக்கே தெரியும். இருந்தாலும் ஓடினார்.

வாயாடி திறந்த வாயை மூடிக்கொண்டாள். அது அவளுக்குச் சுலபமாக இல்லை.

டீ குடித்து முடித்ததும் மாமாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேலிக்குப் பக்கத்தில் போனாள்.

"மாமா, இந்த வேலியை நீங்க தினமும் சரி பண்றீங்கதானே?"

"பின்ன?"

"எந்தப் பக்கத்தை?"

மாமா வேலியைப் பார்த்தார். வேலியும் சாய்ந்தபடி அவரைப் பார்த்தது.

"உங்க கன்னத்துல பன்னி ரூம் தரை ஒட்டியிருக்கு" என்றாள் வாயாடி.

மாமா கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத் திருதிருவென்று விழித்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"வெயில் தாங்கலடா கண்ணு. உள்ள ஜில்லுன்னு இருந்துச்சு. முதல் நாள் தண்ணி வைக்கப் போனேன், சும்மா ஒரு நிமிஷம் உக்காரலாம்னு..."

"நாத்தம் அடிக்கலையா?"

"அது மூக்கோட கஷ்டம். தூக்கத்துக்கு என்ன வந்துச்சு?" என்றார் மாமா. அப்புறம் குரலைத் தாழ்த்தினார். "அந்த மிளகு இருக்கே, நல்ல குட்டி. என் வயித்துமேல தலை வச்சுத்தான் தூங்கும். உங்கம்மா டீக்குக் கூப்பிட்டதும் அதுதான் மூக்கால முட்டி எழுப்பிவிடும்."

"அந்த மிளகுதான் மாமா நாளைக்குப் போகப்போகுது. நீங்க விட்ட மூச்சுக்கு!"

மாமா தலையைச் சொறிந்துகொண்டார்.

"நாளைலேருந்து உள்ள தூங்க மாட்டேன். சத்தியமா" என்றார் கடைசியில்.

"நாளைக்குக் காலைலயே மிளகு போயிடும்!"

"நான் சொன்னா, அந்த மேடம் இத்தனை நாள் அளந்ததெல்லாம் பாழாப்போச்சுன்னு அழுவாங்க. உங்கம்மா என்னை மாவு பிசைய அனுப்பிடும்."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள் வாயாடி. "நீங்களா சொல்லுங்க மாமா. மிளகுக்குப் பேசத் தெரியாதில்ல?"

மறுநாள் காலையில் வேன் வந்தது. பின்கதவைத் திறந்து ஒரு கம்பிக்கூண்டை வைத்தார்கள். அப்பா மிளகைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது காதே கிழிந்துபோகும்படி கத்தியது. வாயாடி கன்னத்தில் கண்ணீர் வழிய நின்றாள். மாமாவைப் பார்த்தாள். மாமா தன் செருப்பைப் பார்த்தார். வேன் டிரைவரைப் பார்த்தார். மரத்தில் இருந்த காக்காயைக்கூடப் பார்த்தார்.

கூண்டின் கதவு திறந்தது.

"மேடம்!" என்றார் மாமா. எல்லாரும் திரும்பினார்கள். "அந்தக் குட்டிக்கு ஒண்ணும் இல்ல மேடம். அந்தக் குறட்டை... என்னோடது."

மிளகுகூடக் கத்துவதை நிறுத்தியது.

"ஏழாவது மூச்சும் நான்தான்" என்றார் மாமா அசடு வழிய. "தினமும் மத்தியானம் உள்ள போய்த் தூங்கினேன்."

"டேய்...!" என்றார் அம்மா.

அப்பா மிளகைக் கீழே விட்டார். அது நேராக ஓடிவந்து வாயாடியின் காலடியில் நின்றது. வாயாடி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

ஆனால் ஆராய்ச்சி அக்கா வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். "அப்ப நான் அளந்தது எல்லாம் வீண்" என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "எல்லாத்துலயும் அவரு மூச்சும் கலந்திருக்கு. மறுபடியும் முதல்லேருந்து செய்ய நேரமும் இல்ல. இந்தப் பெட்டி அடுத்த பண்ணைக்குப் போயாகணும்."

வாயாடிக்குப் பாவமாக இருந்தது. மிளகின் முதுகைத் தடவிக்கொண்டே யோசித்தாள். போன வாரம் இதே குட்டியை அப்பா தூக்கிக்கொண்டு தராசில் நின்றது நினைவுக்கு வந்தது.

"அக்கா! குட்டியை எடை போடும்போது அப்பாவைக் கழிச்சோம்ல?"

"ஆமா?"

"அதே மாதிரி மாமாவைக் கழிச்சிட்டா?"

ஆராய்ச்சி அக்கா மெல்ல நிமிர்ந்தார்.

"குட்டிங்க எல்லாத்தையும் வெளிய விட்டுட்டு, மாமாவை மட்டும் உள்ள தூங்க வச்சு அளக்கலாம்க்கா. எவ்வளவு வருதோ, அதை எல்லா மத்தியானத்துலயும் கழிச்சிடலாம். மிச்சம் குட்டிங்கதானே?"

"கதவைத் திறந்த நேரம், மூடின நேரம் எல்லாம் கோட்டுலயே இருக்கு..." என்று முணுமுணுத்தார் ஆராய்ச்சி அக்கா. சட்டென்று எழுந்து மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "சார், தயவுசெஞ்சு கொஞ்சம் தூங்குறீங்களா?"

மாமாவை வாழ்க்கையில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அறையைக் கழுவித் துடைத்து வைத்தார்கள். மத்தியானம் ஆனதும் மாமா உள்ளே போனார். கதவு மூடியது. அப்பா, அம்மா, வாயாடி, வேன் டிரைவர் எல்லாரும் மேசையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். குட்டிகளும் பக்கத்தில் நின்றன.

வெகுநேரம் ஆயிற்று. குறட்டை வரவில்லை.

"என்ன சார் ஆச்சு?" என்று சுவர் வழியாகக் கேட்டார் ஆராய்ச்சி அக்கா.

"தூக்கம் வரல மேடம்!" என்று உள்ளிருந்து பரிதாபமாக ஒரு குரல் வந்தது. "எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கீங்கன்னு நெனச்சா படபடன்னு வருது!"

"பொறந்ததுலேருந்து இவனுக்குத் தூக்கம் வராத ஒரே நாள் இதுதான்" என்றார் அம்மா.

ஆராய்ச்சி அக்கா மெதுவாகப் பேசிப் பார்த்தார். அப்பா தாலாட்டு மாதிரி ஏதோ பாடினார். வேன் டிரைவர் அவரை நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினார். தூங்கும் ஆள் வேறு, விழித்திருக்கும் ஆள் வேறு. விழித்திருந்தால் மூச்சும் கூடிவிடும், கணக்கு தப்பிவிடும்.

வாயாடி அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். அம்மாவின் உதட்டோரம் துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, மாமா வெளியே வைத்துவிட்டுப் போன சுத்தியலை எடுத்தார். சுவரில் டொக்டொக்கென்று தட்டினார்.

"டேய் தம்பி! தூக்கம் வரலேன்னா பரவால்ல, எந்திரிச்சு வா. வா, ரெண்டு பேருமா அந்த வேலியைச் சரி பண்ணிடலாம்!"

வேலி என்றதுமே உள்ளே மாமாவுக்குக் கண் சொருகிவிட்டது. அப்புறம் மரம் அறுக்கும் சத்தம் ஆரம்பித்தது. கொர்ர்ர்ர்... உஸ்ஸ்ஸ்...

வாயாடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேன் டிரைவர் சுவரில் சாய்ந்து நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

கோடு மெல்ல ஏறியது. ஏறி ஏறி, கிட்டத்தட்ட ஒரு குட்டி உயரத்துக்கு வந்து நின்றது. ஆராய்ச்சி அக்கா பழைய மத்தியானக் கணக்குகளில் அதைக் கழித்துப் பார்த்தார். எல்லா நாளும் ஆறே குட்டி!

"சரியா வந்துடுச்சு!" என்று குதித்தார். வாயாடியைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். "ஒண்ணும் வீண் இல்ல!"

அப்போது திரையில் இருந்த வேறொரு கோடு திடீரென்று ஒரு துள்ளுத் துள்ளியது.

"இது மீத்தேனாச்சே?" என்றார் ஆராய்ச்சி அக்கா புரியாமல். "சாணம் எதுவும் உள்ள இல்லையே?"

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அது வந்தும்மா... மத்தது" என்றார்.

அம்மாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அப்படிச் சிரித்த பிறகு ஒருவரைப் பேக்கரிக்கு அனுப்ப யாராலும் முடியாது.

ஆராய்ச்சி அக்கா கிளம்பும் நாள் வந்தது. மிளகும் மற்ற குட்டிகளும் பழையபடி கொட்டிலுக்குத் திரும்பின. ஏசியைக் கழற்றி வேனில் ஏற்றியபோது மாமா அதைக் கொஞ்சநேரம் தடவிக்கொடுத்தார். ஆராய்ச்சி அக்கா முடிவுகளை அச்சடித்து ஒரு தாளை வாயாடியிடம் கொடுத்தார். அதில் ஆறு குட்டிகளுக்கும் கீழே ஒரு வரி இருந்தது: கழித்தல், மாமா ஒருவர்.

"என் மேலதிகாரிங்க இதைப் பாத்துட்டு என்ன கேக்கப் போறாங்களோ!" என்று சிரித்துக்கொண்டே வேனில் ஏறினார்.

அன்று மத்தியானம் முழுவதும் வேலிப்பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. நிஜமான சத்தம். வாயாடி ஆணிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டே நிறுத்தாமல் பேசினாள். மாமா ஒரு தடவைகூட அவளைப் பேசாதே என்று சொல்லவில்லை. வெயில் இறங்கும்போது வேலி முதன்முதலாக நேராக நின்றது.

"டீ...!" என்று கூப்பிட்டார் அம்மா.

மாமா சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடினார். வாயாடியும் ஓடினாள். ஆனால் அவர்கள் இரண்டு பேரையும் முந்திக்கொண்டு, ஒற்றைக் கறுப்புக் காது பறக்க, கொட்டில் கதவை மூக்கால் தள்ளித் திறந்துகொண்டு வந்த மிளகு, சமையலறை வாசலில் முதல் ஆளாகப் போய் நின்றது.